எண்பத்து மூன்றாவது வரிசை

டெக்ஸஸ் மாநிலத்து ஆலனில் நாங்கள் இருக்கும் வீட்டை நான் எக்ஸெல் ஷீட் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன். ஏழு வீடுகள், நாற்பது வரிசைகள். பள்ளிக்கூடம் எப்படி, கூரைக்கு என்ன வயது, இந்தியக் கடைக்கு எத்தனை நிமிடம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஹைவே சத்தம் என்று ஒரு வரிசை வைக்கச் சொன்னவள் என் மனைவி. ஏழு வீட்டு வாசலிலும் போய் நின்று கேட்டேன். ஏழிலும் ஒரே இரைச்சல். எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் விழுகிற வரிசையால் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது, அது இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. நீக்கிவிட்டேன். பதினொரு வருடமாக அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

"ஷீட்ல டிலீட் பண்ணிட்டா ரோட்ல டிரக் ஓடாதாங்க?" என்று குடிவந்த வாரம் கேட்டாள். நான் பொறுமையாக விளக்கினேன். எனக்கு விளக்குவது பிடிக்கும். விளக்கும்போது எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொண்டு கேட்பது அதைவிடப் பிடிக்கும்.

என் வேலையும் இதேதான், வீட்டுக்குப் பதிலாகப் போர் விமானம். பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் ஒரு சின்ன கன்சல்டிங் கம்பெனி. போர் விமானம் வாங்க ஆசை இருந்தும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாத நாடுகள் எங்களிடம் வரும். நாங்கள் அட்டவணை போட்டு, மதிப்பெண் கூட்டி, இதை வாங்குங்கள் என்று எழுதிக் கொடுப்போம்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு தீவு நாடு வந்தது. பெயரைச் சொன்னால் என் வேலை போய்விடும். அவர்களுடைய பழைய விமானங்களின் இறக்கையில் விரிசல் விட ஆரம்பித்திருந்தது. வானத்தைக் காவல் காக்க ஒன்று, கப்பலை அடிக்க ஒன்று, படம் பிடிக்க ஒன்று என்று வைத்துக்கொள்ள அவர்களுக்கு வசதியில்லை. எல்லா வேலையையும் ஒன்றே செய்ய வேண்டும், அதுவும் ஆறே ஆறு. "சிக்ஸ் பேக்" என்று எங்கள் ஆபீஸில் அந்த நாட்டுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களுடைய ஓடுதளத்தின் வரைபடத்தைப் பார்த்து, எங்கள் மால் பார்க்கிங் இதைவிட நீளம் என்று முதலில் சொன்னவன் நான்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

நான்கு பேர் கொண்ட குழு ஒன்று ஆறு வாரம் ரிச்சர்ட்சனில் தங்கியது. தலைவர் ஒரு விங் கமாண்டர், அகன்ற மீசை. சுதந்திர தினத்தன்று புது விமானம் தலைநகரத்தின் மேல் பறக்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை இருந்ததாகத் தெரியவில்லை. மற்ற இருவர் மெக்கானிக்குகள். நான்காவது ஆள் ஒரு பெண் பைலட். முப்பது வயதுக்குள் இருக்கும். அவர்கள் படையில் போர் விமானம் ஓட்டும் ஒரே பெண். குள்ளம், ஒல்லி. முதல் நாள் அவள் எங்கள் மீட்டிங் அறை நாற்காலியில் உட்கார்ந்தபோது கால் தரையைத் தொடவில்லை. அதையும் கவனித்து வைத்துக்கொண்டேன்.

என்னென்ன வேண்டும் என்ற வரிசைகளை அவர்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். உப்புக் காற்றைத் தாங்குமா, எஞ்சினைத் தகரக் கொட்டகையில் வைத்துக் கழற்ற முடியுமா, உதிரி பாகம் கப்பலில் வர எத்தனை வாரம். நூற்றுக்கு மேல் வந்தது. எண்பத்து மூன்றாவது வரிசையை எழுதியவள் அந்தப் பெண். ஆபத்து வந்தால் பைலட்டை இருக்கையோடு வெளியே தூக்கி எறிவதற்கு இருக்கைக்கு அடியில் ராக்கெட் இருக்கும். உட்கார்ந்திருப்பவரின் எடை குறைவாக இருந்தால் அந்த வேகத்தில் கழுத்து முறியும். அதனால் ஒவ்வொரு இருக்கைக்கும் குறைந்தபட்ச எடை உண்டு. "இப்போது படையில் பறக்கும் எல்லாருக்கும் இருக்கை பொருந்த வேண்டும். கட்டாயம்." இப்படி எழுதியிருந்தாள். பழைய விமானத்தில் அந்த வரம்பு குறைவு என்பதால் அவளால் அதை ஓட்ட முடிந்தது. புதியதில் என்ன என்று அவளுக்குத் தெரியாது. விமானக் கம்பெனிகள் தரும் தகவலை நாங்கள் மட்டுமே பார்ப்போம். எந்த விமானம் எது என்று தெரியாமலிருக்க போட்டியில் இருந்த மூன்று விமானங்களுக்கும் நீலம், பச்சை, சாம்பல் என்று பெயர் வைத்து, மதிப்பெண்ணை மட்டும் காட்டுவோம். வாங்க வந்தவர்கள் பாதியிலேயே ஒன்றின் மேல் மயங்கிவிடக் கூடாது அல்லவா, அதற்கான விதி அது.

இரண்டாவது வாரம் என் மூக்கு உடைந்தது. அவர்களுடைய ஓடுதளத்திலிருந்து மீன்பிடிக் கடலின் எல்லை வரை போய்த் திரும்ப எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று நான் ஒரு கணக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் கொடுத்திருந்த தூரம் கடல் மைலில். அது சாலை மைலைவிடப் பெரியது. நான் சாலை மைல் என்று நினைத்துப் போட்டிருந்தேன். இருபது வருட அனுபவசாலி செய்யக்கூடாத தப்பு. அவள் கையை உயர்த்தினாள்.

"சார், இந்தக் கணக்கை நம்பிப் போனா, திரும்பி வரும்போது நாங்க கடல்ல நீந்திக்கிட்டு இருப்போம்" என்றாள். அவள் பேசியது ஆங்கிலம்தான். எனக்கு இப்படித்தான் நினைவிருக்கிறது.

என் மேலதிகாரி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, பணிவாகத்தான் சொன்னாள். அந்தப் பணிவுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதே புலம்ப ஆரம்பித்தேன்.

"எலும்பும் தோலுமா ஒரு வாண்டு. எல்லார் முன்னாடியும் என்னை முட்டாளாக்கிட்டா."

"அவ சொன்னது கரெக்டா தப்பா?"

"கரெக்டா தப்பாங்கறது இல்ல மேட்டர்."

"அப்போ கரெக்ட்" என்று சொல்லிவிட்டு மனைவி குக்கரை இறக்கப் போய்விட்டாள். அவள் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். வலி எங்கே என்று சட்டென்று கண்டுபிடித்துவிடுவாள்.

அந்த வாரக் கடைசியில் நான்கு பேரையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தேன். ஆபீஸில் ஒருவர் மாற்றி ஒருவர் செய்யும் மரியாதை. கதவைத் திறந்த என் மனைவி அந்தப் பெண்ணை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இந்தக் குழந்தையாங்க உங்கள மைல் கணக்குல மடக்குச்சு?" என்று தமிழில் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன ஜோக் என்று விங் கமாண்டர் கேட்க, ஆங்கிலத்திலும் சொன்னாள். நால்வரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது அந்தப் பெண் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எங்கள் மகள் ஆஸ்டினில் படிக்கிறாள், வீட்டுக்கு வந்தால் "நோ கார்ப்ஸ், மா" என்று தட்டைத் தள்ளுகிறவள். அவளுக்கே பழகிப்போன என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. சமையலறையில் வைத்து அந்தப் பெண் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். எடை ஏற்ற வேண்டும். எவ்வளவு என்று தெரியாது, முடிந்த அளவு. சின்ன வயதிலிருந்து ஒட்டாத உடம்பு. இந்த விமானத்தில் ஏறாவிட்டால் அவளுக்கு வேறு விமானம் கிடையாது, பழையவற்றை உடைக்கப் போகிறார்கள்.

"சாப்பிட்டாத்தான் வேலையே நிலைக்குமாம்! இப்படி ஒரு கெஸ்ட் என் லைஃப்ல வந்ததே இல்ல" என்றாள் என் மனைவி. அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளே ஹோட்டலுக்கு டிரைவ் பண்ணிப் போய் அந்தப் பெண்ணை அழைத்து வந்துவிடுவாள். நெய் ரோஸ்ட், பொங்கல், கடலை உருண்டை, பாதாம் பால். வாரக் கடைசியில் செய்து டப்பாக்களில் போட்டுக் கொடுத்து அனுப்புவாள். புதிதாக ஒரு எடை பார்க்கும் மெஷின் வாங்கிக் கீழ் பாத்ரூமில் வைத்தாள். ஒவ்வொரு வாரத்து எடையையும் ஒரு காகிதத்தில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினாள். எங்கள் நண்பர்களின் பிள்ளைகள் கூப்பிடுவதைப் பார்த்து, அந்தப் பெண்ணும் அவளை ஆன்ட்டி என்றும், வீட்டில் இருக்கும்போது என்னை அங்கிள் என்றும் கூப்பிட ஆரம்பித்தாள். ஆபீஸில் மட்டும் சார்.

நான்காவது வாரம் மூன்று கம்பெனிகளின் தகவலும் வந்தது. ஒவ்வொரு வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்து எண்பத்து மூன்றில் நின்றேன். மூன்று விமானத்திலும் இருக்கை ஏறக்குறைய ஒன்று. குறைந்தபட்ச எடையும் ஒன்றே. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த கடைசி எண் எனக்கு மனப்பாடம். நீலம், இல்லை. பச்சை, இல்லை. சாம்பல், இல்லை.

கட்டாயம் என்று எழுதிய வரிசையில் மூன்றும் தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் முறை உண்டு. வேலையை நிறுத்தி, வாங்குகிறவர்களிடம் சொல்லி, இருக்கையை மாற்றித் தர முடியுமா என்று மூன்று கம்பெனிகளுக்கும் திரும்ப எழுத வேண்டும். முடியாத காரியமில்லை, மற்ற நாடுகள் கேட்டு வாங்கியிருக்கின்றன. ஆனால் இரண்டு மாதம் தள்ளிப்போகும். நான் தயாரித்து வைத்திருந்த அழகான வரைபடத்தில் மூன்று விமானமும் பூஜ்ஜியத்தில் படுத்திருக்கும். அதைவிட, என்னைத் திருத்தியவளின் வரிசை என் வேலையை நிறுத்திவிடும். அந்த எண்ணம் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் "கட்டாயம்" என்பதை "விரும்பத்தக்கது" என்று மாற்றினேன். பிறகு, மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் விழுவதால் வேறுபடுத்தவில்லை என்று குறித்து, வரிசையை நீக்கினேன். இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் விதிப்படி சரி. நான் விதியை மட்டும் நினைத்துக்கொண்டு அதைச் செய்யவில்லை. சந்தோஷமாகச் செய்தேன். அதை இங்கே பூசி மெழுகப் போவதில்லை.

மாற்றங்களுக்கு விங் கமாண்டர் கையெழுத்திட வேண்டும். செவ்வாய்க்கிழமை வைத்தேன். அன்று அந்தப் பெண் நாள் முழுக்க சிமுலேட்டரில் இருப்பாள் என்று எனக்குத் தெரியும், அட்டவணை போட்டதே நான்தான். அவர் எண்பத்து மூன்றைப் படித்தார்.

"இது அந்தப் பொண்ணோட வரிசை இல்ல?" என்றார்.

"ஆமாம். மூணுமே ஒரே மாதிரி. செலக்ஷனுக்கு யூஸ் இல்ல."

"ஒருத்தியோட எடைக்காக ஒரு நாடு விமானம் வாங்காம இருக்க முடியுமா?" என்று மீசையைத் தடவிச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நீக்கப்பட்ட வரிசைகளின் பட்டியல் அறிக்கையின் பின்னிணைப்பில் வரும். யாரும் படிக்காத பக்கம் அது. அவளிடம் தான் சொல்லிவிடுவதாக அவர் சொன்னார். சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய சனிக்கிழமை அவள் கடைசியாகச் சாப்பிட வந்தாள். சாப்பிடுவதற்கு முன் மெஷினில் ஏறி நின்று, எண்ணைப் படித்து, சத்தமாக அறிவித்தாள். நாலு வாரத்தில் நன்றாகவே ஏறியிருந்தாள். என் மனைவி கை தட்டினாள். எனக்கு மட்டும் தெரிந்த எண்ணுக்கு இன்னும் நாலு பவுண்டு இருந்தது.

மூன்றாவது தோசையை முடித்துக்கொண்டு, விரலை நக்கியபடி என்னைப் பார்த்தாள். "அங்கிள், கேட்கக்கூடாதுன்னு தெரியும். நம்பர் சொல்ல வேண்டாம். இது போதுமா? இதையே மெயின்டெயின் பண்ணட்டுமா, இன்னும் ஏத்தணுமா?"

சொல்ல முடியாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை, விதியும் அதுதான். அவள் புரிந்துகொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஏற்றியிருப்பாள். ஆனால் அவள் கேட்கும்போதே என் மனைவி நான்காவது தோசையோடு அவள் பின்னால் நின்றிருந்தாள். இந்த வீட்டில் நாலு வாரமாக எனக்கு ஆறின தோசைதான். எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது.

"போதும்" என்றேன். "நீயும் போதும்னு நிறுத்து, எத்தன தோசை" என்று மனைவியிடமும் சொன்னேன்.

அந்தப் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மனைவி நான்காவது தோசையை என் தட்டில் போட்டாள். சூடாக இருந்தது, நான் சாப்பிட்டேன்.

பச்சை ஜெயித்தது. அவர்களுடைய தலைநகரத்தில் கையெழுத்து விழா நடந்த வீடியோவை எங்கள் ஆபீஸில் பெரிய திரையில் போட்டார்கள். விங் கமாண்டர் பதவி உயர்ந்து குரூப் கேப்டன் ஆகியிருந்தார். எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கிடைத்தது. பயிற்சிக்காக அவர்களுடைய ஆறு பைலட்டுகள் டெக்ஸஸுக்கே வருகிறார்கள், அதில் தானும் ஒருத்தி என்று அந்தப் பெண் என் மனைவிக்கு மெசேஜ் அனுப்பினாள். வாராவாரம் எடையைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டும் இருந்தாள். எட்டு மாதமும் அதே எண். ஒரு பவுண்டு கூடவில்லை, குறையவில்லை. "என்ன டிசிப்ளின் பாருங்க" என்று என் மனைவி எனக்குக் காட்டுவாள். ஒவ்வொரு முறையும் பார்த்தேன். எட்டு மாதம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. சொன்னால் முதலில் சொன்னது பொய் என்றாகிவிடும்.

பயிற்சித் தளம் எங்கள் வீட்டிலிருந்து நாலரை மணி நேரம். முதல் நாள் காலை எல்லாரையும் எடை பார்த்தார்கள். அந்த வாரமே சனிக்கிழமை மதியம் அந்தப் பெண் ஒரு வாடகைக் காரில் தனியாக வந்து எங்கள் வாசலில் நின்றாள். முன்கூட்டிச் சொல்லவில்லை. யூனிஃபார்ம் போட்டிருக்கவில்லை. என் மனைவி கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே அழைத்து வந்து, கேட்காமலே இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றினாள்.

அந்தப் பெண் மேசையில் என் எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். நாலு பவுண்டு குறைவு. ஒரு மாதம் கொடுங்கள், ஏற்றிக் காட்டுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள். வகுப்பு யாருக்காகவும் காத்திருக்காது என்றார்கள். ஊரில் ஏழாவதாக இருந்தவன் அவளுக்குப் பதிலாக இங்கே வர அடுத்த நாளே விமானம் ஏறிவிட்டான். ஆறு விமானத்துக்கு ஆறு பேர், அவ்வளவுதான். அவள் ஓட்டிய பழைய விமானத்தைப் போன மாதம் உடைத்துவிட்டார்கள். இனி உதிரி பாகக் கிடங்கில் எழுத்து வேலை. அழவில்லை. அறிக்கையின் பின்னிணைப்பைப் பிரதி எடுத்து மடித்து வைத்திருந்தாள், அதை மேசைமேல் விரித்தாள்.

"இந்த வரிசையை நீக்கினப்பவே உங்களுக்கு நம்பர் தெரியும், இல்லையா சார்?" என் வீட்டில் என்னை அவள் சார் என்றது அதுதான் முதல் தடவை.

தெரியும் என்றேன். விதியை விளக்க ஆரம்பித்தேன். வேறுபடுத்தாத வரிசை, ரகசியத் தகவல், கையெழுத்திட்டது உங்கள் தலைவர். எனக்கு நன்றாக வரும் விளக்கம் அது. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில், விதி என்றால் நீங்கள்தான் என்ன செய்வீர்கள் என்கிற மாதிரி அவள் முகம் தளர்ந்துகூட வந்தது. இன்னும் இரண்டு நிமிடம் கிடைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

என் மனைவி ஸ்டோர் அலமாரியைத் திறந்தாள். நாலு பவுண்டு துவரம் பருப்புப் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து, என் முன்னால், அந்தக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

"இவ்ளோதானாங்க?" என்று தமிழில் கேட்டாள். "இவ்ளோதானா குறைஞ்சது? நான் நாலாவது தோசையோட நின்னேனே, அன்னிக்கு?"

நான் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், கிளினிக்கில் பேசும் அதே அமைதியான குரலில் சொன்னாள். "விதியெல்லாம் இல்லம்மா. நீ மைல் கணக்கைத் திருத்தின பார், அதுக்காக. அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னார்னு எனக்குத் தெரியும். நான் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இல்லை என்று நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். வெளியே ஹைவேயில் டிரக்குகள் போய்க்கொண்டிருந்தன. நான் சொல்லவில்லை. அவள் பருப்புப் பாக்கெட்டைக் கையில் எடுத்து, எடை பார்ப்பதுபோல் ஒரு கணம் வைத்திருந்து, திரும்ப வைத்துவிட்டு எழுந்தாள். என் மனைவி சூட்டோடு இட்லிகளைப் பொட்டலம் கட்டி, அவள் காரின் முன்சீட்டில் வைத்து, ஜன்னல் வழியாக வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இன்றும் அதே வேலைதான். போன மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, வேறுபடுத்தாத வரிசையை நீக்குவது எப்படி என்று வகுப்பு எடுத்தேன். வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

வீட்டில் மனைவி முன்போலவே சமைக்கிறாள், முன்போலவே பேசுகிறாள். எனக்குப் பரிமாறும்போது போதுமா என்று கேட்பதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டாள். பாத்திரங்களை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான்தான் போட்டுக்கொள்கிறேன்.